கால்களை எண்ணும் வகுப்பு

எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு யாரும் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல பூச்சி கெடக்கு, பாத்து வா" என்பார்கள். பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் வயிற்றில் பூச்சி. பல்லில் குழி விழுந்தால் பூச்சிப்பல். சிலந்திக்கோ பெயரே எட்டுக்கால் பூச்சி.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இருக்கிற ஒரு பள்ளியில் நான் அறிவியல் எடுக்கிறேன். வடக்கே கொஞ்சம் நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வருடம், ஏழாம் வகுப்பில், "உங்களுக்குத் தெரிந்த பூச்சியெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டேன். கரும்பலகை நிறைந்துவிட்டது. கொசு, ஈ, கரப்பான், தட்டான் எல்லாம் வந்தன. கூடவே பூரான், தேள், ரயில்பூச்சி, அட்டை, பல்லி, ஓணான் வந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாக, "பாம்பும் பூச்சிதான் டீச்சர், ராத்திரில" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான்.

அடுத்த வாரம் பாடத்தை நடத்தினேன். பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி; மூன்று ஜோடி கால்கள்; ஒரு ஜோடி உணர்கொம்புகள்; பெரும்பாலும் இரண்டு ஜோடி சிறகுகள். எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். தேர்விலும் எழுதினார்கள். அப்புறம் ஒருநாள் சுவரில் ஓடிய சிலந்தியைக் காட்டி, "இது பூச்சியா?" என்றேன். "ஆமா டீச்சர், பேர்லயே இருக்குல்ல!"

அவர்கள் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் பூச்சி என்ற சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. கையை வைக்காதே, மிதித்துவிடாதே, தள்ளி நில் என்று எச்சரிக்கிற சொல் அது. அறிவியல் புத்தகம் அதே சொல்லை எடுத்து வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டது. இரண்டு வேலையும் தெரியாமல் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் வகுப்புக்குள் மட்டும் வேறு ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம் என்றேன்: ஆறுகாலி. வெளியே போனால் எதை வேண்டுமானாலும் பூச்சி என்று சொல்லுங்கள், இங்கே ஆறு கால் இருந்தால்தான் ஆறுகாலி. நம் பழைய நிகண்டுகளில் வண்டுக்கு அறுகால், அறுபதம் என்றெல்லாம் பெயர் உண்டு. அதையும் சொன்னேன். வண்டின் காலை யாரோ ரொம்ப காலத்துக்கு முன்பே எண்ணியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

உடனே ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மா நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். "அப்ப நண்டு பத்துக்காலியா டீச்சர்?" என்றாள்.

நண்டும் இறாலும் சேர்ந்த கூட்டத்துக்கு விலங்கியலில் இருக்கிற பெயரின் நேரடிப் பொருள் பத்துக்காலி என்பதுதான். அவளுக்கு அது தெரியாது. இரண்டு முன்கொடுக்கையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, தானே அந்தப் பெயரைக் கட்டியிருந்தாள். மறுநாள் ஒரு பாலிதீன் பையில் இரண்டு நண்டு கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடத்தை அவள் நடத்தினாள். புரட்டிப்போட்டு வயிற்று மடலைக் காட்டினாள். குறுகலாக, கூம்பி இருந்தால் ஆண்; அகலமாக, வட்டமாக இருந்தால் பெண். நீலம் அதிகமாக இருப்பது ஆண் என்று நிறத்தை வைத்தும் சொல்லலாம், ஆனால் மடலைப் பார்த்தால்தான் உறுதி என்றாள். நண்டு ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மெத்தென்று கிடக்கும் நாட்களைப் பற்றிச் சொன்னாள். காலில் எங்கெங்கே கணு, எந்தக் கணுவில் ஒடித்தால் சதை முழுசாக வரும் என்று காட்டினாள்.

கணுக்காலிகள் என்று புத்தகத்தில் இருக்கிற பாடம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே ஓடு, மடங்கும் கால், வளர வேண்டுமென்றால் ஓட்டை உரிக்க வேண்டிய கட்டாயம். கரப்பானும் அதையேதான் செய்கிறது. சட்டை உரித்த கரப்பான் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது.

தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும் இடத்தில், சிதலும் எறும்பும் மூவறிவு என்றும், நண்டும் தும்பியும் நான்கறிவு என்றும் வருகிறது. படித்த காலத்தில் நண்டையும் தும்பியையும் ஏன் ஒரே வரியில் வைத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மேசைமேல் நண்டை வைத்துக்கொண்டு தட்டானைப் பற்றிப் பேசிய அன்றைக்குத்தான் அந்த வரி எனக்குள் போய் உட்கார்ந்தது. அங்கே கணக்கு புலன்களை வைத்து, இங்கே உடலை வைத்து. ஆனால் இரண்டிலும் யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அதிலிருந்து பூச்சிப் பாடத்தை நான் மீனிலிருந்துதான் தொடங்குகிறேன். இந்தப் பிள்ளைகள் கரைக்கு வந்த வலையைப் பார்த்தவுடன் சாளையையும் சூடையையும் பிரிப்பார்கள். எனக்கு இரண்டும் வெள்ளியாகத்தான் தெரிந்தது. "சாளை உருண்டு இருக்கும் டீச்சர், சூடை தட்டையா இருக்கும், வயித்தோரம் கைய வச்சுப் பாருங்க" என்று ஒரு பையன் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினான். நகரைக்குத் தாடியில் மீசை. காரலுக்கு வாய் குழாய் மாதிரி நீளும். ஒரு மீனையும் அவர்கள் "சின்னதா, அழகா இருக்கும்" என்று சொல்ல மாட்டார்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்துக்கு நேராகப் போவார்கள். அடையாளம் காண்பது என்பது இதுதான். என் வேலை, அந்தக் கண்ணைக் கடற்கரையிலிருந்து பள்ளிக்கூடத்து வேலியோரம் திருப்புவது மட்டும்தான்.

சரி, எப்படித் திருப்புவது?

தீப்பெட்டி, ஊறுகாய்ப் பாட்டில், பழைய குடை, வெள்ளை வேட்டி. இவைதான் கருவிகள். குடையை விரித்துச் செடிக்குக் கீழே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால், நாம் பார்க்காத உயிர்கள் எல்லாம் அதற்குள் விழும். சாயங்காலம் வேட்டியைக் கட்டி விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வரும். கொட்டாங்குச்சியை மண்ணில் விளிம்புவரை புதைத்து வைத்தால் இரவில் தரையில் ஓடுகிறவை காலையில் உள்ளே இருக்கும். பிடித்ததை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'ஆமா - இல்லை தாள்'. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி, இரண்டே வழி. கால் ஆறா? ஆமா என்றால் கீழே போ, இல்லை என்றால் இது நம் ஆள் இல்லை. சிறகு இருக்கிறதா? மேல்சிறகு தகடு மாதிரிக் கெட்டியாக இருக்கிறதா? கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறதா? இப்படிப் போய் ஐந்தாறு கேள்வியில் ஒரு கூட்டத்தில் நிற்கலாம். அச்சடித்த தாள்கள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் பிள்ளைகளே கேள்வி எழுதிய தாள்தான் வேலை செய்கிறது. முதலில் "பெருசா?" என்று எழுதினார்கள். பெருசு என்றால் எதைவிட? அடித்தார்கள். "பறக்குமா?" என்று எழுதினார்கள். பாட்டிலுக்குள் இருப்பது பறக்காதே? அடித்தார்கள். பார்த்தவுடன் ஆமா, இல்லை என்று சொல்ல முடிகிற கேள்வி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அந்த வாரம் கற்றுக்கொண்டார்கள். நானும்தான்.

கருவண்டில் நான் தவறினேன். சத்துணவுக் கூடத்துக் கொட்டகை மூங்கிலில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு, பெரிய சத்தத்தோடு பறக்கும் கறுப்பு வண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறந்ததிலிருந்து அதை வண்டு என்றே கேட்டு வளர்ந்தவள் நான். வண்டு என்று பெயர் இருப்பதால் வண்டுக் கூட்டத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். சிலந்தி விஷயத்தில் பிள்ளைகள் செய்த அதே காரியம். அந்தக் கூட்டத்தில் ஏற்கனவே தென்னந்தோப்பு எருக்குழியில் எடுத்த காண்டாமிருக வண்டு இருந்தது. ஒரு பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு மேல மூடி இருக்கு. அதுக்கு மூடியே இல்ல, நாலும் கண்ணாடிச் சிறகு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கருவண்டு தேனீயின் உறவு. கரும்பலகையில் நான் எழுதியதை அடித்து, அவளையே வந்து திருத்தி எழுதச் சொன்னேன். அன்றிலிருந்து தமிழ்ப் பெயரை முதலில் சொல்வதை நிறுத்திவிட்டேன். பார்த்து முடித்த பிறகுதான் பெயர்.

சிறகைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயம். பூச்சிக் கூட்டங்களின் அறிவியல் பெயர்கள் கிரேக்கத்தில் இருப்பதால் பயமாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சிறகைப் பற்றிய எளிய வருணனைதான். கோலியாப்டெரா என்றால் உறைச்சிறகு: வண்டு. டிப்டெரா என்றால் இருசிறகு: ஈயும் கொசுவும். மற்றவற்றுக்கு நான்கு இருக்கும் இடத்தில் ஈக்கு இரண்டுதான். பின்சிறகு இருந்த இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ், பறக்கும்போது நிலைதடுமாறாமல் இருக்க. பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீ மாதிரிப் பூச்சிகளில் பல, சிறகை எண்ணிப் பார்த்தால் ஈக்கள்தான், கொட்டாது. லெபிடாப்டெரா என்றால் செதில்சிறகு. பட்டாம்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி, உண்மையில் செதில். லென்ஸில் வைத்தால் ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். இதைச் சொன்ன அன்று மீன் செதில் சீவிப் பழகிய அந்தக் கைகள் எல்லாம் லென்ஸுக்காக நீண்டதை நான் மறக்க மாட்டேன். "மீனுக்கு இருக்கிற மாதிரியேவா டீச்சர்?" மீன் செதில் வேறு, இது வேறு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் விதம் மட்டும் ஒன்றே.

இப்போது அந்த விதி. முதல் இரண்டு வருடமும் அறிவியல் கண்காட்சிக்காகப் பூச்சிகளைச் சேகரித்து, தெர்மாகோலில் ஊசி குத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். நான் படித்தபோது எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு அந்த முறை தேவைதான், அருங்காட்சியகங்கள் அதனால்தான் நிற்கின்றன. பள்ளித் தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டிருந்தோம். அதன் இலையில் ஓர் ஆமை வண்டு. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஓட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி, நடுவில் உருக்கி ஊற்றிய தங்கம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்தாள். வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை இறைவணக்கம் முடிவதற்கு முன்பே என்னிடம் ஓடி வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே மங்கிப்போன ஒரு பழுப்பு வண்டு செத்துக் கிடந்தது. "யாரோ மாத்திட்டாங்க டீச்சர்" என்று அழுதாள்.

யாரும் மாற்றவில்லை. அந்தத் தங்கம் சாயம் இல்லை. ஓட்டின் மெல்லிய அடுக்குகளும் அதற்குள் இருக்கும் ஈரமும் ஒளியைத் திருப்புவதால் வருவது. உயிர் போய் உடல் காய்ந்தால் அந்த நிறமும் போய்விடும். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். புரிந்துகொண்டாள். ஆனாலும் என் வகுப்பில் நான் கேட்டதற்காக அவள் அதைப் பெட்டியில் போட்டாள் என்பது என்னை விட்டுப் போகவில்லை. அந்த வருடத்தோடு ஊசியும் தெர்மாகோலும் நின்றன. இப்போது படம்தான் வரைகிறோம். ஒரு மணி நேரம் பார்த்து, கால் எங்கிருந்து கிளம்புகிறது, உணர்கொம்பு எத்தனை வளைவு என்று வரைந்த பிள்ளை அதைப் பிறகு எங்கே பார்த்தாலும் கண்டுகொள்கிறது. ஊசி குத்தியவர்களுக்கு அட்டையில் ஒட்டிய பெயர்தான் நினைவிருந்தது.

செல்பேசிச் செயலிகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். முதலில் வரைந்துவிட்டு, ஆமா - இல்லை தாளில் ஒரு கூட்டத்துக்கு வந்துவிட்டு, அப்புறம் செயலி சொல்வதோடு ஒத்துப் பார்க்கட்டும். வரிசை மாறினால் பிள்ளை பூச்சியைப் பார்ப்பதே இல்லை, திரையைத்தான் பார்க்கிறது.

எங்கள் மணலுக்கு என்று ஒரு பூச்சி உண்டு. சுவரோரம், மழை படாத தாழ்வாரத்து மணலில், புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிநரி என்றும் குழியானை என்றும் சொல்கிறோம். எறும்பு சறுக்கி விழுந்தால் அடியிலிருந்து மணலை வாரி வீசி, கீழே இழுத்துக் கொடுக்கால் உறிஞ்சும். பின்பக்கமாகவே நடக்கும். இது குட்டிப் பருவம்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐஸ்கிரீம் கப்பில் மணல் போட்டு வகுப்பு ஜன்னலில் வைத்தோம். தினமும் யாராவது ஒருவர் எறும்பு போட வேண்டும். வாரங்கள் போயின. ஒருநாள் குழி இல்லை. பிள்ளைகள் செத்துவிட்டது என்றார்கள். கிளறவிடாமல் தடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மணலும் நூலும் சேர்த்துக் கட்டிய உருண்டைக்குள் அது இருந்தது. பிறகு ஒரு காலையில் கப்பின் ஓரத்தில் நீளச் சிறகோடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "ஊசித்தட்டான் வந்து உக்காந்திருக்கு" என்றான் ஒருவன். தாளை எடுத்தோம். ஊசித்தட்டானுக்கு உணர்கொம்பு மயிர் மாதிரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இதற்கோ நீளமாக, நுனியில் தடித்து வளைந்திருந்தது. அந்த ஒரே இடத்தைப் பார்த்து ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், இது நம்ம குழியானை."

ஐப்பசி மழை வந்துவிட்டால் வகுப்பறைக்குள் இருக்க யாருக்கும் மனம் வராது. காட்டுப்பக்கம் ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியில் செய்த மாதிரிப் பட்டுப்பூச்சிகள் வரும். உள்ளங்கையில் விட்டு எண்ணுவோம். எட்டு. அது ஆறுகாலி இல்லை, சிலந்தியின் உறவான உண்ணிக் கூட்டம். பொரித்த புதிதில் அதன் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும் என்றும் சொல்லிவிடுவேன். அப்படியானால் எண்ணுவது மட்டும் போதாதா என்று முகம் வாடும். போதாது. எந்தப் பருவத்தில் எண்ணுகிறோம் என்பதும் வேண்டும்.

அதே நாட்களில் தட்டான்கள் கூட்டமாக வரும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பது இங்கே எல்லாப் பாட்டிகளும் சொல்வது. தனுஷ்கோடி சாலையில், இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் அவை பொன்மஞ்சள் உடலோடு உட்காராமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். பின்சிறகின் அடி அகலமாக இருக்கும். காற்றில் மிதக்க வசதி. இதன் அறிவியல் பெயர் பாண்டலா ஃபிளாவெசென்ஸ். அதில் ஃபிளாவெசென்ஸ் என்பதை வைத்தவர் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ், ஆண்டு 1798. அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவரான கோனிக் என்ற மருத்துவர் 1768 முதல் அங்கே இருந்து, நம் கரையோரத்துச் செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் கண்ணுக்கு முன் பறக்கிற பல பூச்சிகளுக்கு டென்மார்க்கில் பெயர் வந்த வழி அதுதான்.

இந்தத் தட்டான் கடலைத் தாண்டுகிறது. மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நல்ல தண்ணீர்க் குளமே அரிதான அந்தத் தீவுகளுக்கு அக்டோபரில் இவ்வளவு தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று வருடக்கணக்கில் குறித்து வைத்தார். இந்தியாவிலிருந்து காற்றோடு கிளம்பி, மாலத்தீவைக் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009ல் எழுதினார். போவது ஒரு தலைமுறை, திரும்பி வருவது அதன் வாரிசுகள். நம் ஊர் மழைக்குட்டையில் பொரித்ததும் அதில் இருக்கலாம். இதைத் தனுஷ்கோடியில் நின்று சொன்னேன். கடலுக்குப் போகிற அப்பாக்களின் பிள்ளைகள் அவர்கள். திசைகாட்டி இல்லாமல், சோறு கட்டிக்கொள்ளாமல் போகுமா என்று ஒருவன் கேட்டான். வழியில் பறக்கும் சிறு பூச்சிகளைத் தின்றுகொண்டே போகும் என்றேன். அதுவரை நூல் கட்டிப் பறக்கவிட்ட தட்டான்களை யார் யார் எண்ணிப் பார்த்தார்களோ தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளி வளாகத்தில் நூல் கட்டிய தட்டானை நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் அழகு சரி, பிழைப்புக்கு என்ன பயன் என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடிந்தது ஒரு மிளகாய் இலையால்தான்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய்மாமனுக்கு முதுகுளத்தூர் பக்கம் மானாவாரி மிளகாய்க் காடு. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்தான். செடியில் இலை சுருண்டுவிட்டது. மருந்துக்கடையில் பூச்சிக்கு என்று கொடுத்ததை இரண்டு தடவை அடித்துவிட்டார். சுருட்டல் கூடியதே தவிர குறையவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த பையன் ஒரு கொத்து இலையைப் பாட்டிலில் போட்டுக் கொண்டு வந்தான். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மிளகாய் இலைச் சுருட்டலுக்கு முக்கியமாக இரண்டு பேர் காரணம். இலைப்பேன் என்கிற சின்ன ஆறுகாலி சாறு உறிஞ்சினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி நிற்கும். மஞ்சள் சிலந்தி என்கிற உண்ணி இருந்தால் கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகு மாதிரி ஆகும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவன் கொண்டு வந்த இலை கவிழ்ந்த படகு. ஆனால் நான் சொல்வதை ஏற்க வேண்டாம், எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். எங்களிடம் ஒரு ஃபோல்ட்ஸ்கோப் இருந்தது. மனு பிரகாஷும் அவர் மாணவர்களும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய காகித நுண்ணோக்கி. மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாகக் காட்டும். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி வைத்தோம். ஒளி ஊடுருவும் ஒரு சின்ன முட்டை மாதிரி உடல், நகர்ந்தது.

முதலில் எண்ணியவன் ஆறு என்றான். அடுத்தவளும் ஆறு என்றாள். அப்படியானால் இலைப்பேனா? இலைப்பேனுக்கு உடல் நீளமாக, குச்சி மாதிரி இருக்க வேண்டுமே? உணர்கொம்பு எங்கே? ஒரு பாடவேளை முழுக்க மாறி மாறிப் பார்த்தார்கள். மதிய உணவு மணி அடித்த பிறகும் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவள்தான் பார்த்தாள்: பின்னால் நூல் மாதிரி இரண்டு. அதுவும் கால்தான். இந்த உண்ணியின் பெண்ணுக்கு நான்காவது ஜோடிக் கால் சாட்டை நுனி மாதிரி மெலிந்திருக்கும், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். எட்டு!

பூச்சிக்கு அடிக்கும் மருந்து பலவும் உண்ணியைக் கொல்லாது. சில மருந்துகள் உண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று, உண்ணியைப் பெருக்கியே விட்டுவிடும். பையனின் மாமா இலையை எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலரைப் பார்த்தார். நனையும் கந்தகம் அடிக்கச் சொன்னார்கள். முதல் பறிப்பு போனது போனதுதான். பிறகு வந்த துளிர் நேராக வந்தது என்று அவர் போனில் சொன்னபோது, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "எட்டு இருந்துச்சு மாமா" என்று மட்டும் சொன்னாள்.

சென்னை லயோலா கல்லூரியில் பூச்சி ஆய்வு மையத்தை நடத்திய டி.என். அனந்தகிருஷ்ணன், பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்கூட இருக்காத இலைப்பேன்களைப் படிப்பதிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் பெயரை வகுப்பில் நான் தவறாமல் சொல்வேன். அவ்வளவு சின்னதை அவ்வளவு காலம் பார்த்த ஒருவர் நம் மாநிலத்தில் இருந்தார் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கொசுவையும் இப்படித்தான் பார்க்கிறோம். கரையில் கிடக்கும் பழைய ஐஸ் பெட்டியின் தண்ணீரில் புழு தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸோ க்யூலெக்ஸோ; தண்ணீர் மட்டத்தோடு படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ். பார்த்துக் குறித்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வருவோம். இவற்றுக்கு மட்டும் எடுத்த இடத்திலேயே விடும் விதி கிடையாது.

போன வருடம் ஒருவன் கேட்டான்: "கரையில இவ்ளோ பூச்சி இருக்கு. கடலுக்குள்ள ஏன் இல்ல?"

பத்து லட்சம் வகைகளுக்கு மேல் பெயர் வைத்தாகிவிட்ட கூட்டத்தில், நடுக்கடலில் வாழ்வது ஒரே ஒரு பேரினத்தின் ஐந்து வகைகள் மட்டும்தான்: ஹாலோபேடிஸ். குளத்தில் தண்ணீர்மேல் ஓடும் நீளக்கால் பூச்சியின் உறவு. சிறகு இல்லை. முழு வாழ்க்கையும் அலையின் மேல்பரப்பில்தான். முட்டையை மிதக்கும் இறகிலோ கட்டையிலோ இடும். இப்போது பிளாஸ்டிக்கிலும் இடுகிறது. இதைச் சொன்னேன். அவன் வீட்டில் போய்த் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். தாத்தா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். "காத்து செத்த நாள்ல, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும்ல, அப்ப வெள்ளி மணி மாதிரி ஓடும், பாத்திருக்கேன். மீன் இல்லைனு தெரியும், என்னனு கேக்கத்தான் ஆள் இல்ல" என்றாராம்.

அவன் அப்பா இப்போது படகில் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது முடிந்த முதல் நாளே ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவி, மூடியில் துளை போட்டு, அப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறான். பாட்டில் இதுவரை ஏழெட்டு முறை கடலுக்குப் போய்ச் சும்மா திரும்பி வந்துவிட்டது. இடையில் கரையில் இருக்கும் நாட்களில் வகுப்பு ஜன்னலில், குழியானைக் கப்புக்குப் பக்கத்தில் நிற்கும். அதன்மேல் அவன் ஒட்டிய சீட்டில் கூட்டம், இடம், தேதி, காற்று என்று நான்கு வரி காலியாக இருக்கிறது. கால் என்ற ஐந்தாவது வரியில் மட்டும் பென்சிலால், லேசாக, 6 என்று எழுதி, பக்கத்தில் 'எண்ணிப் பாக்கணும்' என்று போட்டிருக்கிறான்.